கவண்கல் விழும் தூரம்

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், சுண்ணாம்புக்குளத்துக்குப் போகிற வழியில் ஒரு புதர்க்காடு இருக்கிறது. பெரிய காடெல்லாம் இல்லை. இந்தக் கோடியில் ஒருவன் கத்தினால் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். தாழை, களா, காரை, உகா, நடுவில் நாலைந்து நாவல் மரம். அதற்கு நாகப்பன் பாடு என்று பெயர்.

இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாகப்பன் அங்கே ஒரு செடி நட்டதில்லை, ஒரு செடியைக் காப்பாற்றியதும் இல்லை. அந்தக் காட்டுக்கு ஆபத்து வந்தபோது அவன் ஊரிலேயே இல்லை. காப்பாற்றியவள் அவன் பெண்டாட்டி கோவிந்தம்மா. அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. அதனால் அவள் கதையை நான் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். ஊரில் நாற்பது வீடுகள். ஆண்கள் ஏரியில் வலை போடுவார்கள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலைப்பறிக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். ஐப்பசியில் மழை இறங்கியதும் கரை மேட்டில் நெல் நடுவார்கள். தையில் அறுப்பு. கோடையில் ஏரி வற்றி உப்புக் கரித்துப் போகிற மாதங்களில் அந்த நெல்தான் சோறு. நெல் போனால் பட்டினி, வேறு வழி கிடையாது.

வயலுக்கும் ஏரிக்கும் நடுவில், கரையோடு நீளமாக, தெற்கிலிருந்து வடக்கு வரை அந்தக் காடு கிடந்தது. அப்போது அது இப்போது இருப்பதைப்போல நாற்பது மடங்கு.

கோவிந்தம்மா அந்த வயல்களுக்குக் காவல்காரி. பரண்மேல் ஏறி நின்று கவண் சுற்றுவாள். கதிர் பால் பிடிக்கும்போது சிட்டுகளும் கிளிகளும் கூட்டமாக வந்து இறங்கும். அவள் கல் போய் விழுந்ததும் மொத்தமும் எழுந்து ஓடும். அவள் கவண்கல் விழுகிற தூரத்துக்கு அந்த ஊர் ஆண்கள் யாரும் எறிந்ததில்லை. அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கட்டுக் கதிர் அவளுக்குக் கொடுப்பார்கள்.

எந்தப் பறவையை விரட்டுவது, எதை விடுவது என்று அவளுக்குத் தெரியும். மடையானை விரட்டமாட்டாள். கரிச்சானைத் தொடமாட்டாள். மைனா வரப்பில் நடந்தால் வழிவிட்டு நிற்பாள். இவை எல்லாம் காட்டில் கூடு கட்டி, வயலில் புழுவும் வெட்டுக்கிளியும் தின்றுவிட்டு, பொழுது சாய்ந்தால் காட்டுக்கே திரும்புகிறவை. ஒருமுறை காரைப்புதரில் குளவி கட்டியிருந்த மண்கூட்டை அவள் உடைத்துப் பார்த்தாள். உள்ளே நெற்பயிரைத் தின்கிற பச்சைப்புழுக்கள், விறகு அடுக்கினதைப்போல அடுக்கி இருந்தன. குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்துவைத்த சோறு. அதற்குப் பிறகு அவள் குளவிக்கூட்டைத் தொட்டதில்லை, தொட்டவனை விட்டதும் இல்லை.

இன்னொன்றும் அவள் கவனித்திருந்தாள். வயலில் நெல் நிற்பது நாலு மாதம். மீதி எட்டு மாதம் கட்டாந்தரை. அந்த எட்டு மாதம் குளவிக்குப் பூவேது, தவளைக்கு ஈரமேது, கரிச்சானுக்கு உட்காரக் கிளையேது? எல்லாம் காட்டில். காட்டில் பிழைத்துக் கிடந்தால்தான் நெல் நட்டதும் வயலுக்கு வேலைக்கு வரும். இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். "நம்ம இறாலைத் திங்குற மடையானுக்கு இவ வக்காலத்து" என்பார்கள்.

அவளுக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கோவிந்தம்மாவைப் பார்க்காதவர்கள் சொன்னது அது. கோபம் வந்தால்தான் அவளுக்குப் புத்தி கூர்மையாகும்.

அவளை அப்படிப் பேசவைத்தவன் நாகப்பன். கள் உள்ளே போனால் அவன் கை வெளியே வரும். ஒன்பது வருடம் அடி வாங்கினாள். பிள்ளை இல்லை என்று அடித்தான், குழம்பில் உப்பு என்று அடித்தான், காரணம் தேடச் சோம்பலாக இருந்த நாட்களில் சும்மாவே அடித்தான். ஒரு நாள் ஒல்லாந்தர் கப்பலில் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏறிப் போனான். போனவன் வரவில்லை.

மூன்றாவது வருடம் கோவிந்தம்மா ஏரியில் இறங்கி நின்று, கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே அறுத்து, கல் கட்டி எறிந்தாள். கவண் வைத்து எறிந்ததாகவும் சொல்வார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றாளாம்.

ஊர் வாயைப் பிளந்தது. நாகப்பனின் அண்ணன் தேசப்பன் வாசலில் வந்து நின்று கத்தினான்.

"செத்தான்னு சேதி வந்துச்சா? இன்னா திமிர் உனக்கு?"

"சேதி வந்தாதான் செத்தானா? எனக்கு அவன் கப்பல் ஏறின அன்னைக்கே செத்தான். போ பாவா, வேலையப் பாரு."

கணவனின் அண்ணனை அங்கே பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையை மட்டும் அவள் கடைசிவரை விடவில்லை.

தேசப்பன் அப்படிக் கத்தியதற்குத் தம்பிமேல் இருந்த பாசம் காரணமில்லை. காரணம் பாடு. பாடு என்றால் முறை. ஏரியில் நல்ல மீன் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான்; நாற்பது வீடும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் கங்கம்மா கோயில் முன்னால் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த வீடு எந்த நாள் எந்த இடத்தில் என்று பிரித்துக்கொள்வார்கள். நாட்டாமை பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒருவன் பாட்டில் அவன் வலை போடாமல் தூங்கினாலும் இன்னொருவன் அங்கே கை வைக்கக்கூடாது. ஆண்களுக்கு மட்டும்தான் பாடு. செத்தால் பெயர் போய்விடும். நாகப்பன் பெயர் வரும்போதெல்லாம் தேசப்பன் எழுந்து "இருக்கான், வருவான்" என்பான். தம்பி வரும்வரை அந்தப் பாட்டிலும் அவனே வலை போடுவான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். தம்பி காணாமல் போனாலும் தேசப்பனுக்கு ஆயிரம் பொன்.

இப்படி நாலு வருடம் போனது. அப்புறம்தான் சுப்பராயலு வந்தான்.

அவன் சுண்ணாம்புச் சூளைக்காரன். ஏரியில் கிளிஞ்சல் வாரி, சுட்டு, சுண்ணாம்பாக்கி, பழவேற்காட்டில் வீடும் கிடங்கும் கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பான். கிளிஞ்சல் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. எரிக்க விறகுதான் இல்லை. ஊரின் காட்டைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. ஒரு தலைச்சுமை விறகுக்கு ஒரு படி அரிசி என்றான்.

ஊர் கூடியது. நாட்டாமை கோதண்டம் நல்ல மனுஷர்தான். ஒருவன் வயிற்றில் அடித்து இன்னொருவன் தின்னக்கூடாது என்று நினைக்கிறவர். அந்த நல்ல புத்திதான் குடியைக் கெடுத்தது. "ஏரியப் போலவே காட்டையும் பாடு போட்டுக்கலாம். நாப்பது பங்கு. வூட்டுக்கு ஒண்ணு. சண்ட இல்ல, சச்சரவு இல்ல" என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மரங்களில் வெள்ளைத் துணி கட்டி நாற்பது பங்கு பிரித்தார்கள். சீட்டுப் போட்டார்கள். ஒரு வீட்டுக்கும் ஒரு முழம் கூடவில்லை, குறையவில்லை. இவ்வளவு நேர்மையாக ஒரு காட்டை யாரும் அழித்திருக்கமாட்டார்கள்.

ஓரமாக நின்ற கோவிந்தம்மா கேட்டாள். "ஏரியில இன்னைக்கு அள்ளினா நாளைக்குத் தண்ணி கொண்ணாந்து கொட்டும். வெட்டின மரத்த எந்தத் தண்ணி கொண்ணாந்து கொட்டும்?"

"பொம்பளைக்குப் பாடு இல்ல, பேச்சும் இல்ல" என்றான் தேசப்பன். கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. பசித்தவன் விறகு வெட்டினான், அதுகூடப் போகட்டும். ஏரியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்களுக்கு ஏரியும் காடும் ஒன்றில்லை என்று தெரியாமலா போகும்? தெரியும். சொன்னது ஒரு பெண், அதனால் தெரியவில்லை.

அந்தக் கோடையில் தெற்கிலிருந்து இருபது பங்கை வெட்டிக் கொண்டுபோனார்கள். சூளைப் புகை வயல்மேல் நின்றது. கூடு இழந்த மடையான்கள் இரண்டு மூன்று நாள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டு எங்கேயோ போயின. இறால் மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

கார்த்திகையில் புழு வந்தது. முதலில் ஒன்று இரண்டு, அப்புறம் படைபடையாக. பகலில் பயிரின் அடியில் பதுங்கிக் கிடந்து, வெயில் தாழ்ந்ததும் மேலேறித் தின்றது. ஒரு வயலை மொட்டையடித்துவிட்டு வரப்பு தாண்டி அடுத்த வயலுக்கு ஊர்ந்தது. ஆனால் எல்லா வயலிலும் இல்லை. காடு வெட்டுப்பட்ட தெற்குப் பக்கத்து வயல்களில்தான். வடக்கே, காடு நின்ற பக்கம், கரிச்சான்கள் கிளையிலிருந்து பாய்வதும் கொத்திக்கொண்டு திரும்புவதுமாக இருந்தன. அங்கேயும் புழு வந்தது, ஆனால் மறுநாள் பார்த்தால் இல்லை.

கோவிந்தம்மா நாட்டாமையைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனாள். காட்டின் ஓரத்தில் நின்று கவணைச் சுற்றி எறிந்தாள். கல் போய் விழுந்த இடம்வரை பயிர் பச்சை. அதற்கு அந்தப் பக்கம் ஈர்க்குச்சி. நாலு இடத்தில் நின்று நாலு கல் எறிந்தாள். நாலும் அப்படியே.

"பார்த்தியா நாட்டாமை? கூடு இருக்குற எடத்துலேந்து இவ்ளோ தூரம்தான் அதுங்க வருது. அதுக்கு மேல வராது. வட்டமடிக்குற பருந்துகிட்டேந்து திரும்பி ஓடிவந்து ஒளியணும் இல்ல?"

கோதண்டம் தாடையைத் தடவினார். "அப்படியும் இருக்கலாம்" என்றார். ஊரில் போய் அவர் அதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஊர் சொன்னது வேறு. புருஷன் இருக்கும்போதே தாலி அறுத்தவள், மொட்டைக் கழுத்தோடு வரப்பில் நடக்கிறாள், வயல் விளங்குமா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றினார்கள். கோவிந்தம்மாவைப் பரண் ஏறக்கூடாது என்றார்கள். அவளுக்குக் கொடுக்கவேண்டிய கதிர்க்கட்டையும் அந்த வருடம் யாரும் கொடுக்கவில்லை. நெல் குறைந்ததால் சுப்பராயலுவின் அரிசி இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. அரிசி வேண்டுமென்றால் விறகு. அடுத்த கோடையில் மீதிக் காட்டிலும் அரிவாள் இறங்கியது.

முப்பத்தொன்பது பங்கு போயிற்று. வடகோடியில் ஒரு பங்கு மட்டும் நின்றது. சீட்டில் அது நாகப்பன் பெயருக்கு விழுந்திருந்தது. தாழையும் முள்ளும் அடர்ந்த பங்கு. கடைசியாக வெட்டிக்கொள்ளலாம் என்று தேசப்பன் விட்டுவைத்திருந்தான். ஊரில் இருந்த கரிச்சான், குளவி, தவளை, தட்டான் எல்லாம் அதில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அதுவும் போனால் அடுத்த மழைக்கு ஒரு மணி நெல் மிஞ்சாது என்று கோவிந்தம்மாவுக்குத் தெரிந்தது.

தேசப்பன் அரிவாளோடு வந்த காலையில் அவள் புதருக்கு முன்னால் கவணோடு நின்றாள்.

"தள்ளு" என்றான்.

"வெட்டிப் பாரு. மொதக் கல்லு அரிவாள்மேல விழும். ரெண்டாவது எங்க விழும்னு நானே சொல்லமாட்டேன்."

அவள் குறி அவனுக்குத் தெரியும். திரும்பிப் போய் ஊரைக் கூட்டினான்.

கங்கம்மா கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போலப் பின்னால். கோவிந்தம்மா மட்டும் நடுவில் வந்து நின்றாள். இந்த முறை அவள் காட்டைப் பற்றிப் பேசவில்லை. புழுவைப் பற்றியும் பேசவில்லை. அவர்களுக்குப் புரிகிற ஒரே பேச்சைப் பேசினாள்.

"பாவா, போன வாரம் ஏரியில நாகப்பன் பாட்டுல வலை போட்டது யாரு?"

"நான்தான். தம்பி வர்ற வரைக்கும் நான் பார்த்துக்குறேன். ஊருக்கே தெரியும்."

"தம்பி உயிரோட இருக்கானா?"

தேசப்பன் நாட்டாமையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். இல்லை என்றால் ஏரிப் பாடு அந்த நிமிஷமே போய்விடும். "இருக்கான். ஏன் இல்லாம?" என்றான்.

"கங்கம்மா மேல சொல்லு."

"கங்கம்மா மேல, இருக்கான்."

"நாட்டாமை, கேட்டுக்கோ. ஏரியில உயிரோட இருக்குறவன் காட்டுல மட்டும் செத்துட்டானா? அவன் பங்கு அவன் வூட்டுக்குத்தான். வூட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். ஏரியில பொம்பளை வலை போடக்கூடாதுன்னு பாவாகிட்ட குடுத்தீங்க, சரி. காட்டுல வெறகு எடுக்குறது எந்தக் காலத்துலேந்து ஆம்பளை வேல? உங்க நைனா காலத்துலயும் உங்க ஆயாதான் எடுத்தா. அப்ப அது என் கைப் பங்கு. நான் வெட்டுவேன், வெட்டாமலும் வுடுவேன். ஒருத்தன் பாட்டுல அவன் வலை போடலன்னா அடுத்தவன் கை வெக்கலாமா?"

பாடு முறை அவர்களுக்கு வேதம். பின்னால் பெண்கள் பக்கத்தில் யாரோ கெக்கலித்தார்கள்.

கோதண்டம் "ஞாயம்தான்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆனா ஒண்ணு, கோவிந்தம்மா. அவன் உயிரோட இருந்தா உன் கழுத்து ஏன் மொட்டையா இருக்கு? கயிறு இல்லாதவ அவன் வூட்டுக்காரின்னு நான் எப்படிச் சொல்றது?"

தேசப்பன் முகத்தில் சிரிப்பு வந்தது. அவளை அவனுக்குத் தெரியும். அந்தக் கயிற்றை அவள் மறுபடி தொடமாட்டாள் என்று நினைத்தான்.

கோவிந்தம்மாவின் இடது புருவத்தில் நாகப்பன் உலக்கையால் அடித்த தழும்பு இருந்தது. கை தானாக அங்கே போனது. அப்புறம் தேசப்பன் பக்கத்தில் கிடந்த வலை பின்னுகிற நூலை எடுத்தாள். அவன் மனைவி வேலம்மாவிடம் திரும்பி, "அக்கா, ஒரு மஞ்சக் கெழங்கு குடு" என்றாள். வேலம்மா அழுதுகொண்டே ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நூலை நாலு மடிப்பாக முறுக்கி, கிழங்கைக் கோத்து, கோவிந்தம்மா தன் கழுத்தில் தானே மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஒன்பது வருடம் அடித்தவனுக்கு மறுபடி பெண்டாட்டி ஆனாள். ஒரு புதருக்காக.

"இப்பச் சொல்லு நாட்டாமை."

"நாகப்பன் பாடு" என்றார் கோதண்டம், குனிந்த தலையோடு. "யாரும் கை வெக்கக்கூடாது."

அந்தத் தலை எதற்குக் குனிந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். குனிந்து என்ன பிரயோசனம்? நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

மழை வந்தது. நட்டார்கள். புழுவும் வந்தது. இந்த முறை தடுக்க ஒன்றும் இல்லை. பதினைந்து நாளில் மேடு முழுக்க வெளுத்தது. மிதித்தால் காலடியில் புழு நசுங்கி வழுக்கியது. பெண்கள் கூடையில் வாரிக் கொட்டினார்கள். வாரிய இடத்தில் மறுநாள் அவ்வளவும் இருந்தது. வடகோடியில் மட்டும் நாலு வயல் பச்சையாக நின்றது. கோவிந்தம்மாவின் பங்கிலிருந்து கவண்கல் விழும் தூரம். அந்த நாலில் ஒன்று தேசப்பனுடையது. அவன்தான் அந்த வருடம் முதலில் அறுத்தான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஊர் அவள் வாசலில் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்க வந்தார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த நாலு வயல மட்டும் பாடு போட்டுக்கலாம்னு பேசினோம். வருஷத்துக்கு நாலு வூடு மாத்தி மாத்தி..." என்று ஆரம்பித்தார்.

கோவிந்தம்மா வாயிலிருந்து அப்போது வந்ததை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: "வெட்டுறதுக்குப் பாடு போட்டீங்க. திங்குறதுக்குப் பாடு போடுறீங்க. நடுறதுக்குப் பாடு போடத் தெரியாதா உங்களுக்கு? வூட்டுக்கு ஒரு மொற. என் பங்குலேந்து தாழங்கன்னு எடுத்துக்கோ, களா வெத எடுத்துக்கோ, உன் வரப்புல வெய்யி. கோடையில தண்ணி ஊத்தறதுக்கும் மொற. ஊத்தாதவனுக்கு ஏரியில பாடு இல்லன்னு வெய்யி, அப்ப ஊத்துவான்."

அது அவர்களுக்குப் புரிந்தது. சுப்பராயலு வேறு ஊர்க் காட்டைத் தேடிப் போனான். ஊர் நட ஆரம்பித்தது. பாதி செத்தது, பாதி பிழைத்தது. வரப்போரம் தாழை வேர்விட்டு, களா முள் விட்டு, அதில் முதல் கரிச்சான் கூடு கட்ட ஐந்தாறு வருடம் ஆயிற்று. அதுவரை அரைவயிறுதான். நாலு குடும்பம் பிழைப்புத் தேடிக் கோட்டைக்குப்பம் பக்கம் போய்விட்டது. வெட்டும்போது இரண்டு கோடை போதுமாயிருந்தது.

நடவு பேசி முடித்த அன்றே அவள் ஒன்று கேட்டாள். ஒன்றே ஒன்று. "இனிமே பேர் கூப்பிடுறப்ப நாகப்பன்னு கூப்பிடாத. கோவிந்தம்மான்னு கூப்பிடு. நான் சொல்றேன், இருக்கேன்னு."

"பழக்கம் இல்லையேம்மா" என்றார் கோதண்டம்.

"காட்டைப் பாடு போட்டது மட்டும் பழக்கமா?"

முடிவு மாறவில்லை. எல்லோரும் கலைந்து போனார்கள்.

மறுபடி பரண் ஏறச் சொன்னார்கள், ஏறினாள். கதிர்க்கட்டு கொடுத்தார்கள், வாங்கினாள். கழுத்தில் கயிறு கிடந்தது. நைந்தால் வலை நூலில் புதிதாக முறுக்கிக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் நாகப்பனை வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் முடிச்சுப் போடுவாள்.

அப்படிப் பதினான்கு வருடம். ஒரு நாள் கோட்டைக்குப்பத்திலிருந்து சின்னப்பன் என்று ஒரு கப்பல்காரன் வந்தான். நாகப்பனோடு ஒரே கப்பலில் போனவன். இத்தனை வருடம் கழித்துத்தான் ஊர் திரும்பியிருந்தான். நாகப்பன் போன இரண்டாவது வருடமே கொழும்பில் காய்ச்சலில் செத்துவிட்டான், குழியில் இறக்கியவர்களில் தானும் ஒருவன் என்றான். கோயில் முன்னால், எல்லோர் காதிலும் விழச் சொன்னான்.

இரண்டாவது வருடம். கோவிந்தம்மா கயிற்றை அறுத்து ஏரியில் எறிந்தது மூன்றாவது வருடம். அவள் அறுத்தது சரி. ஊரே திட்டிய அந்த நாளில் ஊரில் அவள் ஒருத்திதான் சரி. அதற்கப்புறம் இத்தனை வருடமாக ஒரு பிணத்துக்குத்தான் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பாடு நாளில் ஊர் கூடியது. கோதண்டம் கிழவராகிவிட்டார், குரல் நடுங்கியது. பெயர்கள் கூப்பிட்டார். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, "நாகப்பன்" என்றார்.

இல்லை என்று ஒருவன் சொன்னால் போதும், அந்தப் பங்குக்கு ஆள் இல்லை. நாளைக்கு இன்னொரு சூளைக்காரன் வரலாம். தேசப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "இருக்கான்" என்றான். இந்த முறை ஏரி மீனுக்காகச் சொல்லவில்லை, அவன் வயல் அங்கே இருந்தது. அப்புறம் இன்னொருவன், இன்னொருவன். கடைசியில் ஊரே சொன்னது, "இருக்கான்."

கோவிந்தம்மா எழுந்தாள். "செத்தவன் இருக்கான்னு கத்துறீங்க. உயிரோட நிக்குற நான் கண்ணுக்குத் தெரியலையா? என் பேரச் சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"உன் பேரச் சேர்த்தா நாளைக்கு எல்லாப் பொம்பளையும் கேப்பாங்கம்மா" என்றார் கோதண்டம், மெதுவாக.

அவள் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. பிடித்து இழுத்திருந்தால் அறுந்திருக்கும். பின்னால் வேலம்மா பதறி எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கோவிந்தம்மா வடக்கே பார்த்தாள். நாவல் மரத்திலிருந்து கரிச்சான் ஒன்று வயலில் பாய்ந்து எதையோ கவ்விக்கொண்டு திரும்பியது. கையைக் கீழே போட்டுவிட்டு நடந்து போனாள். அன்றைக்குப் பிறகு பாடு நாளில் அவள் கோயில் பக்கம் வந்ததில்லை.

ஊர் ஆண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பிணத்தை உயிரோடு வைத்துக்கொண்டார்கள், ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சாகப்போகும்போது வேலம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, என்ன எடுக்குறதுக்கு முன்னால இந்தக் கயித்த அறுத்து ஏரியில போட்ரு. அவன்கூட நான் போமாட்டேன்." வேலம்மா சத்தியம் செய்து கொடுத்தாள்.

குளிப்பாட்டி முடித்ததும் வேலம்மா இறால் அரிகிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். கோதண்டத்தின் இடத்தில் அப்போது தேசப்பன் நாட்டாமை. அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அறுக்காத. கயித்தோட போனா சுமங்கலி. சுமங்கலியா போனா அவன் இருக்கான்னு அர்த்தம். அறுத்தா பாடு போயிடும்."

"நான் சத்தியம் பண்ணேன்" என்றாள் வேலம்மா.

"காடு வேணுமா, சத்தியம் வேணுமா?"

வேலம்மா வாசலுக்கு வெளியே பார்த்தாள். மார்கழி மாதம், பயிர் உள்ளே கதிர் திரண்டு பொதி கட்டி நின்றது. கத்தியைக் கீழே வைத்தாள். கோவிந்தம்மாவுக்கு மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலையில் தாழம்பூ சூட்டி, கயிற்றோடு எடுத்துப் போனார்கள். தாழம்பூ அவள் பங்கிலிருந்து பறித்ததுதான்.

அடுத்த பாடு நாளில் ஊர் கங்கம்மா கோயில் முன்னால் கூடியது. தேசப்பன் பெயர்களைக் கூப்பிட்டு முடித்துக் கடைசியில் "நாகப்பன்" என்றான்.

"இருக்கான்" என்றது ஊர்.